மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்த ஜி.டி.நாயுடு

சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில், கள்ளக்குறிச்சியைத் தாண்டினால் தியாகதுருகம் வரும். மலை மேலே பழைய கோட்டை. சுற்றிலும் கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற பூமி. இது போன்ற ஊர்களில் பழைய மோட்டார் சைக்கிளை யாரும் லேசில் இரும்புக் கடைக்குப் போட்டுவிட மாட்டார்கள். பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அங்கே இரண்டு சக்கரம் பூட்டினால் என்ன? காய்கறி மூட்டை ஏற்றலாமே! நடக்க முடியாத அண்ணனை உட்கார வைத்து ஓட்டச் சொல்லலாமே! இப்படி யோசிக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

அவர்களெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு மனிதர் உண்டு. கோயமுத்தூர் ஜி.டி.நாயுடுதான் அவர்.

மூன்றாம் வகுப்போடு சரி!

கோவைக்குப் பக்கத்தில் சூலூர் இருக்கிறது. அதன் அருகே கலங்கல் என்று ஒரு கிராமம். அங்கே விவசாயக் குடும்பத்தில் 1893-ம் வருஷம் மார்ச் 23-ந் தேதி துரைசாமி பிறந்தார். தகப்பனார் பெயர் கோபால்சாமி நாயுடு. தாயார் சீக்கிரமே கண் மூடிவிட்டார். பையனுக்குப் பள்ளிக்கூடம் வேப்பங்காயாகக் கசந்தது. மூன்றாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டார். தோட்டத்து வேலைக்கு அனுப்பினார்கள்.

ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அதிகாரி அந்தப் பக்கமாக மோட்டார் சைக்கிளில் வந்தார். அது இங்கிலாந்தில் செய்த 'ரட்ஜ்' வண்டி. மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானே ஓடுகிறது! பார்த்த துரைசாமிக்குத் தூக்கம் போய்விட்டது.

அதை விலைக்கு வாங்க வேண்டும். கையில் காசு ஏது? கோயமுத்தூருக்குப் போனார். ஓட்டலில் இலை போட்டுப் பரிமாறுகிற வேலையில் சேர்ந்தார். வருஷக் கணக்கில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சில நூறு ரூபாய் சேர்த்தார். பவுன் விலை மலிவாக இருந்த காலத்தில் அது பெரிய தொகை. அந்தப் பணத்தை அதே அதிகாரியிடம் கொடுத்து வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஊர் சுற்றக் கிளம்பினாரா? இல்லை. வண்டியைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுவிட்டார்! பார்த்தவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தோன்றியிருக்கும். ஆனால் பிரித்ததையெல்லாம் திரும்பப் பூட்டி ஓட வைத்தார். சொல்லிக் கொடுக்க வாத்தியார் கிடையாது. படித்துப் பார்க்க இங்கிலீஷும் தெரியாது. கை பழகப் பழக, அவரே ஒரு மெக்கானிக் ஆகிவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். அவர் முதல் நாளே வண்டியை மாற்றிவிடவில்லை. எந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டார், பழையபடி பூட்டினார். மாற்றங்களெல்லாம் பிறகுதான் வந்தன.

மூன்றாவது சக்கரம் செய்யும் வேலை

மூன்று சக்கரம் கேலிக்குரிய சங்கதி அல்ல. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் பதிவு செய்த பெட்ரோல் வண்டி, உலகத்துக் கார்களுக்கெல்லாம் மூத்தது. அதற்கு மூன்றே சக்கரங்கள்தான்.

ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. களத்தில் போரடிக்கும் மாடுகளைப் பாருங்கள். சுற்றும்போது உள்ளே போகும் மாடு மெதுவாக நடக்கும். வெளியே போகும் மாடு எட்டி நடக்க வேண்டும். வண்டி திரும்பும்போது பின்னால் உள்ள இரண்டு சக்கரங்களுக்கும் இதே கதைதான். மாட்டு வண்டியில் கவலையில்லை. அச்சில் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே சுழலும். மோட்டார் வண்டியில் ஒரே இரும்புத் தண்டில் இரண்டு சக்கரத்தையும் இறுக்கி, செயினைப் பூட்டினால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். திரும்பும்போது ஒரு டயர் தரையில் தேயும், வண்டி நேரே போகப் பார்க்கும். இதற்காகத்தான் ஆட்டோவிலும் காரிலும் 'டிபரன்ஷியல்' என்ற பல் சக்கர அமைப்பை வைத்தார்கள்.

இன்னொன்று. மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்ந்து திரும்பும். மூன்று சக்கர வண்டி சாயாது. வேகமாகத் திருப்பினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பி, வண்டி கவிழ்ந்துவிடும். பிரேக்கும் இரண்டு பின் சக்கரத்துக்கும் சமமாகப் பிடிக்க வேண்டும். வெல்டிங் வைக்கத் தெரிந்தால் மட்டும் போதாது.

ஒரு பஸ்ஸிலிருந்து...

நாயுடு கதைக்கு வருவோம். 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனி ஆயிற்று. சொன்ன நேரத்துக்கு வண்டி வரும் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள்.

1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்சார மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். பின்னாளில் கோவை, பம்ப் செட்டுக்குப் பேர் போன ஊர் ஆனது. இன்று தியாகதுருகத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் கோவைப் பெயர் பொறித்திருந்தால், அதற்கு அன்று போட்ட விதையும் ஒரு காரணம்.

முகம் மழிக்கும் சின்ன மின்சாரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, ஓட்டுப் பதிவு செய்யும் யந்திரம்... எத்தனையோ செய்தார். பருத்தியையும் பப்பாளியையும்கூட விட்டுவைக்கவில்லை.

மூன்றாம் வகுப்புப் படித்தவர் 1945-ல் கோவையில் எஞ்சினீயரிங் கல்லூரி தொடங்கக் காரணமானார்! கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அது, பிறகு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. நாலு வருஷப் படிப்பு வீண், குறுகிய காலத்தில் கைத்தொழிலோடு கற்றுத் தரலாம் என்பது அவருடைய கட்சி. சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் விலகிக்கொண்டார்.

வராத லைசென்ஸ்

1952-ல் இரண்டு பேர் போகும் சின்னப் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய்! நடுத்தரக் குடும்பம் ஒன்று கனவு காணக்கூடிய விலை. ஆனால் தயாரிக்க சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை. கார் அத்தோடு நின்றது. தமிழ்நாட்டுக்கு அது நஷ்டம்தான் என்பது நம் அபிப்பிராயம்.

வீட்டு வாசலில் மூன்று சக்கர வண்டி செய்கிறவருக்கும் அனுமதி என்ற கதவு உண்டு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை இஷ்டம் போல மாற்றக் கூடாது என்கிறது. மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணத்துக்கும் வில்லங்கம் வரும். ஆனால் மாற்றுத் திறனாளி ஒருவருக்காக வண்டியை மாற்றி அமைக்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, அனுமதி பெற்று, பதிவுச் சான்றிலும் எழுதி வாங்க வேண்டும். நடக்க முடியாத அண்ணனுக்கு அந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது.

ஜி.டி.நாயுடு 1974-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி, எண்பதாவது வயதில் காலமானார். அவர் பெயர் சொல்லும் கண்காட்சி கோவை அவிநாசி ரோட்டில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் ஒரு நாள் போதாது.