இறுக்கிய கட்டும் தளர்த்திய கட்டும்: வில்லியம் ஹார்வியின் வாழ்வில் கைத்தமனிச் சோதனை

வில்லியம் ஹார்வி (1578–1657) குருதிச் சுற்றோட்டத்தை நிறுவியவர் என்பது பள்ளிப் பாடநூல்களும் கூறும் செய்தி. எச்சான்றால் நிறுவினார் என்னும் வினாவுக்கு இதயத்தையே விடையாகக் காட்டுவது வழக்கம். அவர் வாதத்தைத் தாங்கி நின்றது மேற்கையில் இடப்பட்ட ஒரு கட்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து. தமிழ் மருத்துவ மரபில் பல்பொருள் குறிக்கும் 'நாடி' என்னும் சொல் இங்கு மணிக்கட்டுத் துடிப்பை மட்டுமே குறிக்கும். குழாய்களுக்குத் தமனி, சிரை என்பன ஆளப்படுகின்றன.

இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில் பிறந்த ஹார்வி, கேம்பிரிட்ஜில் பயின்றபின் இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் 1602ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஃபெப்ரீசியஸ். சிரைகளின் உள்ளே அமைந்த தடுக்கிதழ்களை விரிவாக ஆராய்ந்த அவரும், கல்லீரலிலிருந்து உறுப்புகளை நோக்கிக் குருதி சிரைவழிச் செல்கிறது என்னும் கேலனின் பழங்கொள்கையை விட்டு விலகவில்லை. அவ்விதழ்கள் ஓட்டத்தின் விரைவைத் தணிப்பன என்றே கருதினார். ஆசிரியர் நின்ற இடத்திலிருந்து மாணவர் தொடங்கினார். 1609இல் இலண்டன் புனித பர்த்தலோமேயு மருத்துவமனையில் மருத்துவரான ஹார்வி, பின்னர் அரச மருத்துவராகவும் விளங்கினார்.

குருதி வடிப்போர் கையில் கட்டுப் போடுவது அக்காலத்தில் அன்றாட நிகழ்ச்சி. ஹார்வி அக்கட்டின் இறுக்கத்தை வேறுபடுத்திப் பார்த்தார். மெலிந்த உடலும் புடைத்த சிரைகளும் உடையவரின் கையை முழங்கைக்கு மேல் மிக இறுக்கிக் கட்டினால், ஆழத்தில் உள்ள தமனியும் நெருக்குண்டு அடைபடும். மணிக்கட்டில் நாடி தென்படாது. கை மெல்லக் குளிரும். கட்டுக்கு மேலே மட்டும் தமனி புடைத்துத் துடிக்கும். சிறிது தளர்த்தினால் தமனி திறக்கும். மேலோட்டமாக உள்ள சிரைகள் அடைபட்டே இருக்கும். உடனே கை சிவந்து வெப்பமடையும். கட்டுக்குக் கீழே சிரைகள் முடிச்சு முடிச்சாகப் புடைக்கும். குருதி தமனிவழி வந்து சிரைவழி மீள்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. கைக்குச் செல்லும் தமனி நோயால் சுருங்கியவரிடம் நாடி மெலிவதும் கை குளிர்வதும் உழைக்கும்போது விரைவில் களைப்பதும் இன்று அறியப்பட்ட குறிகள். ஹார்வி சில நொடிகளுக்குச் செயற்கையாக உண்டாக்கியதை அந்நோய் நிலையாக உண்டாக்குகிறது.

1628இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளிவந்த அவரது இலத்தீன் நூலில் கணக்கும் உண்டு: துடிப்புக்கு அரை அவுன்ஸ் எனக் கொண்டாலும் 1000 துடிப்பில் 500 அவுன்ஸ் குருதி வெளிப்படும், உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு குருதி உண்டாதல் இயலாது. கணக்கு ஐயத்தை எழுப்பியது. திசையைக் காட்டியது கையே. எனினும் தமனியிலிருந்து சிரைக்குக் குருதி கடக்கும் வழியை அவரால் காட்ட இயலவில்லை. நூலுக்குப்பின் அவரிடம் வரும் நோயாளர் குறைந்தனர் என்று அவரை நேரில் அறிந்த ஜான் ஆப்ரி பதிவு செய்துள்ளார். பாரிசு மருத்துவர் ரியோலானின் மறுப்புக்கு 1649இல்தான் ஹார்வி அச்சில் விடையளித்தார். இடையே 1642இல், உள்நாட்டுப் போரின்போது அவரது இல்லம் சூறையாடப்பட்டு ஆய்வுக் குறிப்புகள் அழிந்தன. அவ்விழப்பை அவர் பெரிதும் வருந்தினார்.

1657 ஜூன் 3இல் ஹார்வி மறைந்தார். நான்காண்டுகள் கழித்து, 1661இல், மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்குழாய்களை உருப்பெருக்கி வழியே கண்டு விளக்கினார்.