துன் வீ. தி. சம்பந்தன்: நாற்காலியும் நிலமும்



கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனவர்கள் அந்தப் பெரிய சாலையின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஜாலான் துன் சம்பந்தன். மோனோரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். சாலை தெரியும், ஆளைத் தெரியுமா என்று வகுப்பிலே கேட்டால் பாதிப் பிள்ளைகள் முழிக்கிறார்கள். பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் சொல்லிக் கொடுத்தால்தானே தெரியும்!

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் 1919-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் நாள் பிறந்தவர் சம்பந்தன். தந்தையார் வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து, பாடுபட்டுச் சொந்த ரப்பர்த் தோட்டம் சேர்த்தவர். மகனைக் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் ஆங்கிலம் படிக்க வைத்தார். பிறகு சிதம்பரத்துக்கு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அந்தக் காலத்தில் இந்தியா முழுவதும் சுதந்திரப் போராட்டம் கொதித்துக் கொண்டிருந்தது. காந்தியடிகள் மீது கொண்ட பற்று அங்கேதான் அவர் மனத்தில் வேரூன்றியது. ஊர் திரும்பியபின் 1954-ல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி பெயரிலே ஒரு தமிழ்ப்பள்ளி எழுந்ததற்கு அவரே முதற்காரணம். அதைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

ஒரு சின்ன விஷயம். 1948-ல் அவருடைய 29-ஆவது பிறந்த நாளன்றுதான் அதே சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டார்கள். அதையொட்டித்தான் நாட்டில் அவசர காலம் பிறப்பிக்கப்பட்டது. பெரியவர்களுக்கு அந்தக் காலம் ஞாபகமிருக்கும், அல்லது கேள்வியாவது பட்டிருப்பீர்கள். முள்வேலிக்குள் லயம், அரிசிக்குக் கணக்கு, இருட்டினால் வெளியே தலைகாட்ட முடியாது. அப்படிப்பட்ட ஊரிலேதான் அவருடைய அரசியல் தொடங்கியது.

இப்போது கட்சிக் கதைக்கு வருவோம். மலாயா இந்தியர் காங்கிரஸ் 1946-ல் ஜான் திவியின் தலைமையில் தோன்றியது. அவருக்குப் பின் பூத் சிங், ராமநாதன், தேவாசர் என்று ஒன்பது ஆண்டுக்குள் நான்கு தலைவர்கள். அன்றைய தலைமை பெரும்பாலும் பட்டணத்து, ஆங்கிலம் படித்த கூட்டம். பால்மரம் வெட்டுகிற தமிழனுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் வெகு தூரம். விசுவாசமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அம்னோவைத் தோற்றுவித்த டத்தோ ஓன் 1951-ல் தம் சொந்தக் கட்சியைவிட்டே வெளியேறி மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது, நம்மவர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். 1952-ல் கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து ஜெயித்துக் காட்டின. காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று அப்போதுதான் புரிந்தது. 1954-ல் தேவாசர் தலைமையிலேயே கட்சி கூட்டணிக்குள் நுழைந்தது.

ஆனால் தேவாசருக்கும் கூட்டணித் தலைவர் துங்குவுக்கும் ஒத்துவரவில்லை. கட்சிக்குள்ளும் அவருடைய செல்வாக்குக் குறைந்தது. 1955 மே மாதம் சம்பந்தன் தலைவரானார். அதே ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. முப்பத்தாறு வயதில் தொழில் அமைச்சர்! பிறகு சுகாதாரம், 1959-லிருந்து பொதுப்பணி, தபால், தந்தி என்று மந்திரி வேலை நீண்டது. சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக 1959 முதல் 1974 வரை இருந்தார்.

அவர் செய்த பெரிய மாற்றம், கட்சியைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தது. வேட்டி கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு வந்து தமிழிலே பேசுகிற தலைவர் என்றால் அன்றைக்கு அது புதுமை. தோட்டத்துக்குத் தோட்டம் கிளை முளைத்தது. கூட்டம் வந்தது, கூடவே சண்டையும் வந்தது. கிளைத் தலைவர் யார், பேராளர் யார் என்று லயத்துக்கு லயம் பிளவு. அது எப்படி இருக்குமென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவருடைய வாழ்க்கையில் நான் மிகவும் மதிக்கிற பகுதி வேறொன்று. மாணவர்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பத் தொடங்கின. வாங்கிய வியாபாரிகள் தோட்டத்தை முழுதாக வைத்துக்கொள்ளவில்லை. துண்டு துண்டாகப் போட்டு ஆளுக்கு ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று விற்றார்கள். இதைத்தான் தோட்டத் துண்டாடல் என்பார்கள். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவனுக்கு வெளியாள் எதற்கு? அவனும் பெண்டாட்டி பிள்ளையுமே வெட்டிக் கொள்வார்கள். தோட்டத்தில் மூன்று தலைமுறையாக இருந்தவனுக்கு வேலை போனது. வேலை போனால் லயத்து வீடும் போனது. லயம் காலியானால் பள்ளிக்கூடமும் கோயிலும் என்ன கதி? இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் தனியாக ஆராய்ச்சியே செய்திருக்கிறார்.

சட்டம் போட்டுத் தடுக்க வேண்டுமென்று பலர் கோரினார்கள். சம்பந்தன் வேறொரு வழியையும் பிடித்தார். தோட்டத்தை விற்கிறார்களா? சரி, தொழிலாளியே வாங்கட்டும். 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கு நூறு வெள்ளி. அதை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாள் சம்பளம் இரண்டு மூன்று வெள்ளி வாங்குகிற குடும்பத்துக்குப் பத்து வெள்ளி என்பது சின்னத் தொகையா? வயிற்றைக் கட்டித்தான் கொடுத்தார்கள். அவரும் மந்திரி என்று பாராமல் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தார். 1961-ல் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக மேலும் பல தோட்டங்கள். கங்காணிக்குப் பயந்து பெரட்டுக்கு நின்ற சனம் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனது.

எல்லாம் நல்லதாகவே நடந்துவிட்டது என்று எழுதினால் அது உண்மையாகாது. சங்கம் வாங்கியதைவிடத் துண்டாகிப் போன தோட்டங்களே அதிகம். குடியுரிமைப் பிரச்சினையும் இருந்தது. 1957-க்குப் பின் விண்ணப்பம் போடாமல், சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்துவிட்டவர்கள் தோட்டங்களில் ஏராளம். 1968-ல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் அவர்களுக்கு வேலைப் பெர்மிட் தேவையாயிற்று. பல்லாயிரம் பேர் பிறந்த பிள்ளைகளையும் வைத்த மரங்களையும் விட்டுக் கப்பலேறினார்கள். 1969 தேர்தலில் கூட்டணிக்கு விழுந்த அடியும், மே 13 கலவரமும் சேர்ந்துகொண்டன. மந்திரியாக இருந்து என்ன செய்தார், துங்கு சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார் என்று மக்கள் பேசினார்கள். அந்தப் பேச்சில் நியாயமே இல்லையென்று என்னால் சொல்ல முடியாது. கூட்டணிக்குள் சத்தம் போடாமல் கேட்டு வாங்குவதுதான் அவருடைய வழக்கம். கிடைத்தபோது அது சாமர்த்தியம். கிடைக்காதபோது அது கோழைத்தனம் என்று பெயராயிற்று.

கட்சிக்குள்ளே புகைந்ததும் அப்போதுதான் நெருப்பாகியது. எதிரே நின்றவர் துணைத் தலைவர் வீ. மாணிக்கவாசகம். வேற்றாள் இல்லை, நமக்குப் பக்கத்துக் கிள்ளான் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். ஒரு காலத்தில் சம்பந்தனுக்கு நெருங்கியவர். அவரும் தொழில் அமைச்சராக இருந்தவர். தலைவர் கையில் அதிகாரம் குவிந்துவிட்டது, பதினெட்டு வருஷமாக ஒரே ஆளா என்பது அவர் பக்கத்து வாதம். கட்டிக் காத்த வீட்டிலிருந்து கட்டியவரையே வெளியேற்றுவதா என்பது இவர் பக்கத்து வாதம். நேற்று மாலை போட்டவர் இன்று எதிரணியில். இன்று எதிரணியில் இருப்பவர் நாளை மறுபடி மாலையோடு. நம் வட்டாரத்தில் சொல்வதுபோல, மழை பெய்கிற பக்கம் குடை பிடிக்கிற ஆட்கள் எந்தக் கட்சியில்தான் இல்லை? பாராளுமன்றத்துக்கே தாய்வீடு என்கிற இங்கிலாந்தில், மூன்று பொதுத் தேர்தல்களை வரிசையாக வென்ற மார்கரெட் தாட்சர் அம்மையாரை 1990-ல் இறக்கியது எதிர்க்கட்சி அல்லவே, அவருடைய சொந்தக் கட்சிக்காரர்கள்தானே!

கடைசியில் பிரதமர் துன் ரசாக் தலையிட்டார். 1973-ன் நடுவில் சம்பந்தன் ஒதுங்கிக்கொள்ள, மாணிக்கவாசகம் தலைவரானார். ஒதுங்கியவர் கோபத்தில் புதுக்கட்சி தொடங்கவில்லை. கட்சியை உடைத்துப் பாதியை இழுத்துக்கொண்டு போகவுமில்லை. அவர் நினைத்திருந்தால் முடிந்திருக்கும். ஒற்றுமைத் துறை அமைச்சராக 1974 வரை இருந்தார். பிறகு தேசிய ஒற்றுமை வாரியத்தின் தலைவர் பொறுப்பு. கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் விடவில்லை. தந்தை சேர்த்து வைத்த சொத்தில் பெரும்பகுதி அரசியலிலே கரைந்துபோனதென்று அவரை அறிந்தவர்கள் சொல்லுவார்கள்.

1974-ல் சுங்கை சிப்புட் தொகுதி சாமிவேலுவின் கைக்குப் போனது. அவர் 1977-ல் வெறும் 26 ஓட்டு வித்தியாசத்தில் சுப்பிரமணியத்தை வென்று துணைத் தலைவரானார். துன் சம்பந்தன் 1979 மே 18-ல் காலமானார். வயது அறுபதுகூட நிரம்பவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மாணிக்கவாசகமும் மறைந்தார். பதினெட்டு வருஷம், ஆறு வருஷம் என்று ஒரே நாற்காலியில் அடுத்தடுத்து அமர்ந்த இருவரும் ஐந்து மாத இடைவெளியில் போய்விட்டார்கள். அந்த நாற்காலி சாமிவேலுவுக்கு வந்தது. 2010 வரை அவரிடமே இருந்தது. ஆனால் 2008-லேயே சுங்கை சிப்புட் அவரைக் கைவிட்டுவிட்டது. அது தனிக் கதை.

சங்கம் இன்றும் இருக்கிறது. தலைமையகம் கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் கட்டடத்தில். பெற்றோர்களே, உங்கள் அப்பாவோ தாத்தாவோ மாதம் பத்து வெள்ளி கட்டியவராக இருக்கலாம். பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் பங்குப் பத்திரமோ ரசீதோ கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இறந்தவர் பெயரில் உள்ள பங்கை வாரிசுக்கு மாற்றுவது பற்றி அங்கே போய் விசாரியுங்கள். அடையாளக் கார்டையும் இறப்புப் பத்திரத்தையும் மறக்காமல் கையோடு கொண்டுபோங்கள்.