காஸ்ட்ரோ தெருப் போட்டோ கடைக்காரர்

1978ஆம் ஆண்டு ஜனவரி 9ந் தேதி. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரின் காஸ்ட்ரோ தெருவிலிருந்து ஒரு சிறு கூட்டம் நகரசபை மண்டபத்தை நோக்கி நடந்தே புறப்பட்டது. அதில் நடுநாயகமாகச் சென்றவர் 47 வயதான ஹார்வி மில்க். அதே தெருவில் போட்டோ பிலிம் விற்றுப் பிழைத்தவர். நகரசபை உறுப்பினராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொள்ளத்தான் அன்று போய்க்கொண்டிருந்தார்.

தாம் ஆண்களை நேசிக்கும் ஆண் என்பதை ஊரறியச் சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்டவர் அவர். அமெரிக்காவிலேயே இப்படிப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவரே என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அது சரியான செய்தி அன்று. அவருக்கு முன்னால் சிலர் உண்டு. அவர்களை விட்டுவிட்டு உலகம் மில்க்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது ஏன் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைத்தான் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் 1930ஆம் ஆண்டு மே 22ந் தேதி ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். லித்துவேனியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பாட்டனார் அங்கு ஒரு பெரிய ஜவுளிக் கடையே வைத்திருந்தார். மில்க் கணிதம் படித்து 1951ல் பட்டம் பெற்றார். கொரியப் போர்க் காலத்தில் கடற்படையில் சேர்ந்தார். அவருடைய அந்தரங்க வாழ்க்கை பற்றி அங்கே விசாரணை எழுந்தது. 1955ல் விலகினார்.

பிறகு ஓரிடத்தில் நிலைக்கவில்லை. பள்ளி ஆசிரியராக இருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். வால் ஸ்டிரீட்டில் பங்கு வியாபார நிறுவனத்தில் நல்ல சம்பளத்தில் அமர்ந்தார். கோட்டும் டையுமாக ஆபீசுக்குப் போய் வரும் ஆயிரம் பேரில் ஒருவர். உள்ளே இருந்த விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் எப்போதும் உண்டு. அரசியலிலும் அப்போது அவர் பழமைவாதி. 1964ல் பாரி கோல்ட்வாட்டருக்காகப் பிரசாரம் செய்தவர். ஆனால் வியட்நாம் போர் அவரை மாற்றியது. கம்போடியா மீது படையெடுப்பு நடந்த 1970ல், ஒரு கண்டனக் கூட்டத்தில் தம் கிரெடிட் கார்டைப் பகிரங்கமாகக் கொளுத்தினார். பங்கு வியாபார ஆபீசில் உத்தியோகம் பார்ப்பவர் செய்கிற காரியமா இது? வேலை போயிற்று.

1972ல் சான்பிரான்சிஸ்கோவில் குடியேறினார். ஒரு பிலிம் சுருளைக் கழுவக் கொடுத்த இடத்தில் கெடுத்துவிட்டார்களாம். அந்தக் கோபத்தில், நாமே கடை வைத்தால் என்ன என்று தோன்றியது. கையிலிருந்த கடைசி ஆயிரம் டாலரைப் போட்டு, துணைவர் ஸ்காட் ஸ்மித்துடன் 1973ல் காஸ்ட்ரோ தெரு 575ஆம் எண்ணில் போட்டோ கடை திறந்தார். திறந்த கொஞ்ச நாளில் விற்பனை வரிக்கு முன்பணமாக 100 டாலர் கட்டு என்று அதிகாரி வந்து நின்றார். மில்க் அவரோடு மல்லுக்கட்டினார். வாரக்கணக்கில் அலைந்து தொகையைக் குறைக்க வைத்தார். இன்னொரு நாள், பள்ளிக்கூடத்து புரொஜக்டர் ஓடவில்லை, கடையிலிருந்து இரவல் கிடைக்குமா என்று ஓர் ஆசிரியை வந்து கேட்டார். வரி வாங்கத் தெரிந்த அரசாங்கத்துக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கருவி வாங்கித் தரத் தெரியவில்லையே என்று அவர் கொதித்தார். அந்த ஆண்டே நகரசபைத் தேர்தலில் நின்றார்.

அப்போது அந்நகரில் வார்டு கிடையாது. ஊர் முழுவதும் ஒரே தொகுதி. பணமும் பெயரும் உள்ளவர்களுக்கே வசதியான ஏற்பாடு. நீண்ட தலைமுடியும் மீசையுமாக நின்ற புது ஆள் 16,900 ஓட்டு வாங்கினார். 32 பேரில் பத்தாவது இடம். அவரை முதலில் எதிர்த்தவர்களில் அவருடைய இனத்தாரே உண்டு. கட்சித் தலைவர்களோடு நயமாகப் பழகிச் சலுகை பெறுவதே வழி, நேற்று வந்தவர் பொறுத்திருக்கட்டும் என்பது அந்தப் பிரமுகர்களின் எண்ணம்.

மில்க் வேறு கதவைத் தட்டினார். பீர் ஏற்றிச் செல்லும் லாரி டிரைவர்களின் சங்கம், ஒப்பந்தத்துக்கு வர மறுத்த கூர்ஸ் கம்பெனியைப் பகிஷ்கரிக்க உதவி கேட்டது. தம் இனத்தார் நடத்தும் மதுக்கடைகள் அனைத்திலும் அந்தச் சரக்கை நிறுத்த ஏற்பாடு செய்தார் மில்க். அதற்குக் கைம்மாறாகப் பணம் கேட்கவில்லை. தம் ஆட்களையும் டிரைவர் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். சங்கம் ஏற்றது. முகம் சுளித்திருந்த தொழிலாளிகள் பலர் 1975 தேர்தலில் அவருக்காக உழைத்தார்கள். தலைமுடியை வெட்டிக்கொண்டு நின்றார். ஆறு இடங்களுக்கு ஏழாவதாக வந்தார்!

மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி 1976ல் அவரை ஒரு நகர வாரியத்தில் நியமித்தார். மாநிலச் சட்டசபைக்கு நிற்கப் போவதாக அறிவித்ததும், ஐந்தே வாரத்தில் அதே மேயர் விலக்கினார். சட்டசபைத் தேர்தலிலும் நாலாயிரத்துக்கும் குறைந்த ஓட்டில் தோல்வி. அந்த ஆண்டில்தான் வார்டு முறைக்கு மக்கள் ஓட்டளித்தார்கள். 1977 நவம்பரில் ஐந்தாவது வார்டில் பதினாறு பேரைத் தோற்கடித்து மில்க் வென்றார். மூன்று முறை தோற்ற மனிதரை ஜெயிக்க வைத்ததில் இந்த வார்டு முறைக்குப் பெரும் பங்குண்டு.

இனி முதல் ஆள் யார் என்ற கணக்குக்கு வருவோம். வேட்பாளராக நின்றதை மட்டும் பார்த்தால், அதே சான்பிரான்சிஸ்கோவில் 1961லேயே ஹோசே சாரியா என்பவர் நின்று ஐயாயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார், வெற்றி பெறவில்லை. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரசபைக்கு நான்சி வெக்ஸ்லர், ஜெர்ரி டெக்ரீக் என்ற இரு இளைஞர்கள் 1972ல் தேர்வானார்கள். 1973ல், பதவியில் இருக்கும்போதே, தங்களைப் பற்றிய உண்மையை அறிவித்தார்கள். ஆனால் ஓட்டுப் போட்டவர்களுக்கு அது முன்னால் தெரியாது. தெரிந்தே மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்று பார்த்தால், அதே ஊரில் 1974 ஏப்ரலில் வென்ற காத்தி கோசசென்கோ. 21 வயதுக் கல்லூரி மாணவி. ஓட்டு வித்தியாசம் வெறும் 52. அதே ஆண்டு நவம்பரில் மாசசூசெட்ஸ் சட்டசபைக்கு எலைன் நோபிள் தேர்வானார். மாநிலச் சட்டசபை அளவில் அவரே முதல்வர். மின்னசோட்டா செனட்டர் ஆலன் ஸ்பியர் டிசம்பரில், பதவியில் இருந்தபடியே, அறிவித்தார். இத்தனை பேருக்கும் பிறகுதான் மில்க். கலிபோர்னியாவில் தேர்தலில் வென்ற முதல்வர் என்பதே அவருக்குரிய சரியான இடம்.

இந்தக் கணக்குச் சிக்கல் நம் நாட்டிலும் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 2000ல் சோஹாக்பூர் தொகுதியில் திருநங்கை ஷப்னம் மௌசி எம்.எல்.ஏ. ஆனார். அதே மாநிலத்தில் 2000ல் கட்னி மேயரான கமலா ஜானின் தேர்தலோ, பெண்களுக்கு ஒதுக்கிய பதவிக்கு இவர் பெண்ணாக மாட்டார் என்று கோர்ட்டில் ரத்தாகி, 2003ல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. அங்கே பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பது பத்திரிகைக் கேள்வி. இங்கே அது ஒருவரின் நாற்காலியையே எடுத்துவிட்டது.

பதவியில் மில்க் இருந்தது பதினொரு மாதத்துக்கும் குறைவு. வேலையிலும் வீட்டு வாடகையிலும் தம் இனத்தாரைப் பாகுபடுத்தக் கூடாது என்ற சட்டம் அவரால் வந்தது. எதிர்த்து ஓட்டளித்தவர் டான் ஒயிட் என்ற உறுப்பினர் ஒருவரே. நாய் அசிங்கம் செய்தால் வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்ற சட்டத்துக்காக, பூங்காவில் நிருபர்களைக் கூட்டி வைத்து அதன்மேல் காலையே வைத்துக் காட்டினார். நகரம் சிரித்தது, சட்டமும் நிறைவேறியது. இத்தகைய ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து நீக்கச் செனட்டர் ஜான் பிரிக்ஸ் கொண்டுவந்த யோசனையை எதிர்த்து மாநிலமெங்கும் அவரோடு வாதாடினார். ஒரு காலத்தில் உண்மையை மறைத்துக்கொண்டு பாடம் நடத்தியவர் அல்லவா! 1978 நவம்பர் 7ந் தேதி பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் அந்த யோசனை தோற்றது.

மூன்றே நாளில் டான் ஒயிட் ராஜினாமா செய்தார். ஆண்டுக்கு 9,600 டாலர் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை என்றார். பிறகு மனம் மாறித் திரும்பக் கேட்டார். மேயர் மறுக்கத் தீர்மானித்தார்; மில்க்கின் ஆலோசனையும் அதுவே. நவம்பர் 27ந் தேதி காலை, கருவிச் சோதனையைத் தவிர்க்க அடித்தள ஜன்னல் வழியே மண்டபத்துக்குள் நுழைந்த ஒயிட், முதலில் மேயரையும் பிறகு மில்க்கையும் சுட்டுக் கொன்றார். அன்றிரவு பல்லாயிரம் பேர் மெழுகுவத்தியுடன் காஸ்ட்ரோ தெருவிலிருந்து மண்டபம்வரை மௌனமாக நடந்தார்கள். 1979 மே மாதம் ஒயிட்டுக்குக் கிடைத்தது ஏழு ஆண்டு எட்டு மாதச் சிறை. கொலைக் குற்றமாகவே கோர்ட் அதை எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிரவு நகரில் கலவரம் மூண்டது.

இப்படி ஒரு முடிவு வரக்கூடும் என்று மில்க் எதிர்பார்த்திருந்தார். தேர்தலில் வென்ற பத்தாம் நாளே, தாம் கொல்லப்பட்டால் கேட்பதற்கென்று ஒரு டேப்பில் தம் விருப்பங்களைப் பேசிப் பதிவு செய்து வைத்திருந்தார். தமக்குப் பின் யார் யாரை நியமிக்கலாம் என்றும் அதில் சொல்லியிருந்தார். அந்தப் பெயர்களில் ஒருவரான ஹாரி பிரிட் 1979 ஜனவரியில் அந்த இடத்தில் அமர்ந்தார்.

2009ல் ஜனாதிபதி ஒபாமா அவர் பெயருக்கு நாட்டின் உயர்ந்த சிவிலியன் விருதை வழங்கினார். அவர் விலகிவந்த அதே கடற்படையில் 2021ல் ஒரு கப்பல் அவர் பெயரோடு நீரில் இறங்கியது. 2025 ஜூனில் அப்பெயரை நீக்கி வேறு பெயர் சூட்ட உத்தரவாயிற்று.