ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர் ஏன் நாக்கை நீட்டச் சொல்கிறார்? குரலை இழந்த பாடகரின் கதை

ஆமத்தூரில் இருந்து ஒருவர் தொண்டை ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே மயக்க மருந்து டாக்டர் வந்து, வாயை நல்லா திறந்து நாக்கை நீட்டச் சொல்வார். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்வார். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால், உயிரைக் காக்கும் சோதனை இது. குரல்வளையைக் கண்ணால் பார்க்கும் இந்த முயற்சிக்குப் பெரிய தொடக்கம் கொடுத்தவர் டாக்டர் இல்லை, பாட்டு வாத்தியார்!

யார் இந்த மானுவல் கார்சியா?

1805-ல் ஸ்பெயினில் பிறந்தவர். அப்பா பிரபல ஓபரா பாடகர். 1825-ல் குடும்பத்தோடு நியூயார்க் சென்று மேடையேறினார். ஆனால் இளம் வயதிலேயே குரல் கெட்டுப்போனது. மேடையை விட்டுவிட்டு, பாரிஸிலும் பிறகு லண்டனிலும் பாட்டு சொல்லிக்கொடுத்தார். குரல் உள்ளே எப்படிப் பிறக்கிறது என்ற கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

பல் டாக்டர் கண்ணாடி

1854-ல் பாரிஸில், பல் டாக்டர்கள் பயன்படுத்தும் நீளமான கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கினார். வெந்நீரில் சூடாக்கி உள்நாக்கை ஒட்டி வைத்தார். இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியைத் தொண்டைக்குள் திருப்பினார். அவருடைய குரல் நாண்கள் திறந்து மூடுவது அவருக்கே தெரிந்தது!

1855-ல் இது லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் ஐரோப்பிய டாக்டர்கள் இந்த முறையை நோயாளிகளுக்குக் கொண்டுவந்தனர். 1905-ல் அவரது நூறாவது பிறந்தநாளை லண்டனில் மருத்துவ உலகமே கொண்டாடியது. 1906-ல், 101 வயதில் காலமானார்.

எல்லா தொண்டையும் ஒன்றா?

இல்லை. மயக்கம் கொடுத்ததும் நாக்கை ஒதுக்கி, குரல்வளையைப் பார்த்து, மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவார்கள். நாக்கு பெரிதாக, தாடை சிறிதாக இருந்தாலோ, கழுத்து மடங்காவிட்டாலோ குரல்வளை தெரியாமல் போகலாம். மயக்கம் கொடுத்த பிறகு இது தெரிந்தால் ஆபத்து. ஆக்ஸிஜன் இல்லாமல் மூளை தாங்குவது சில நிமிஷங்கள்தான்.

இதை முன்கூட்டியே கணிக்க வழி சொன்னவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் மல்லம்பட்டி. நாக்கை நீட்டும்போது உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து வகை பிரிக்கும் முறையை, 210 நோயாளிகளிடம் சோதித்து 1985-ல் வெளியிட்டார். இது மட்டும் போதாது என்பதால்தான் கழுத்து, தாடை, வாய் திறப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பட்டாசுப் பகுதியில் ஏன் முக்கியம்?

முகத்திலும் கழுத்திலும் தீக்காயம் பட்டு ஆறினால், தோல் இறுகிவிடும். வாய் முழுசாகத் திறக்காது, கழுத்து பின்னால் சாயாது. அதனால் பழைய தீக்காயம், ஆடும் பல், முன்பு மயக்கம் கொடுத்தபோது வந்த சிக்கல் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்தால், நோயாளி விழித்திருக்கும்போதே மெல்லிய கேமரா குழாய் வழியாக டியூப் போடுவது போன்ற மாற்று வழிகளுக்கு டாக்டர்கள் தயாராக இருக்க முடியும்.