சோதனை வருமுன்னே... ஆர்தர் ஆஷ்

நம்ம கல்லூரி ரத்ததான முகாம் ஞாபகம் இருக்கா? வரிசையில் நின்னு ரத்தம் கொடுத்துட்டு, பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கிக்கிட்டு, அடுத்த வகுப்பைக் கட் அடிச்சோமே! அந்த ரத்தம் அதுக்கப்புறம் என்னென்ன சோதனைகளைத் தாண்டிப் போகுதுன்னு நாம யோசிச்சதே இல்லை. அந்தச் சோதனை இல்லாத காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு பெரிய மனிதரின் கதை இது.

ஆர்தர் ஆஷ் 1943 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். ஆறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை, கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பூங்காவின் காவலாளி. வீடு பூங்காவுக்குள்ளேயே. வாசலில் டென்னிஸ் மைதானம். ஆனால் ஊரின் நல்ல மைதானங்களில் அந்தப் பையனுக்கு அனுமதி இல்லை. நிறத்தின் பேரால் கதவு சாத்திய காலம் அது.

அதையெல்லாம் தாண்டி வந்தார். 1966-ல் லாஸ் ஏஞ்சலிஸில் பட்டம் பெற்றார். 1968-ல் யு.எஸ். ஓப்பன் பட்டத்தை வென்றார். அமெச்சூர் ஆட்டக்காரர் என்பதால் 14,000 டாலர் பரிசைத் தொடக்கூட முடியவில்லை! 1975-ல் ஜிம்மி கானர்ஸைத் தோற்கடித்து, விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆண் ஆனார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்கு எதிராகவும் ஓயாமல் குரல் கொடுத்தார்.

36 வயதில், 1979-ல், மாரடைப்பு. அந்த ஆண்டே பைபாஸ் அறுவை சிகிச்சை. 1983-ல் இரண்டாவது பைபாஸ். அப்போது ஏற்றிய ரத்தத்தில்தான் எச்.ஐ.வி. இருந்தது. டாக்டர்களைக் குறை சொல்ல வழியில்லை. ரத்தத்தைச் சோதிக்கும் முதல் எலிசா சோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததே 1985 மார்ச்சில்தான். நம்ம பாஷையில் சொன்னா, இன்ஸ்பெக்ஷன் இல்லாமலே சரக்கு கேட்டைத் தாண்டிப் போயிடுச்சு. இரண்டு வருஷம்கூட இல்லை, அந்த இடைவெளி ஒரு உயிரை விலையாகக் கேட்டது.

அதைவிடக் கொடுமை, ஐந்து வருஷம் அவருக்கு ஒண்ணுமே தெரியாது. 1988-ல் வலது கை செயலிழந்தது. மூளையில் அறுவை செய்து பார்த்தபோது டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்ற தொற்று. அதன் பிறகே எச்.ஐ.வி. தெரிய வந்தது. அதற்குள் நோய் முற்றியிருந்தது. வீட்டில் இரண்டு வயதுகூட நிரம்பாத மகள்.

குடும்பமும் நெருங்கிய நண்பர்களும் அதை ரகசியமாகக் காத்தார்கள். 1992 ஏப்ரலில் ஒரு நாளிதழ் துருவிக் கேட்கவே, வேறு வழியின்றி அவரே பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார். தன் உடம்பைப் பற்றிய செய்தியைச் சொல்லும் நேரத்தைக்கூட அவரால் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஆனாலும் முடங்கவில்லை. எய்ட்ஸ் ஒழிப்புக்கு அறக்கட்டளை தொடங்கினார். அந்த டிசம்பர் 1-ல் ஐ.நா. சபையில் பேசினார். 1993 பிப்ரவரி 6 அன்று, 49 வயதில் மறைந்தார்.

இன்று நிலைமை வேறு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அட்டைப் பட்டையில் அது ஊறிப் போகும் வழியில், எச்.ஐ.வி.க்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஆன்டிபாடி இருந்தா கோடு விழும். இருபது நிமிஷத்தில் முடிவு! தொற்றிய முதல் சில வாரங்களில் ஆன்டிபாடி இருக்காது. ஆனா அப்போதுதான் ரத்தத்தில் கிருமி மிக அதிகம். அதனால கிருமியின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துப் பிடிக்கும் துரித சோதனைக்கு 2013-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் முதல் நாளே காட்டிடாது. கோடு விழாட்டியும், சில வாரம் கழிச்சு மறுபடி பார்க்கணும். கோடு விழுந்தாலும் அது முடிவல்ல. வேறு சோதனைகளால் உறுதி செய்யணும்.

நம்ம அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கு. சோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. தொற்று உறுதியானவர் எல்லோருக்கும் உடனே மருந்து என்பது 2017 முதல் நம் நாட்டின் கொள்கை. சம்மதமில்லாமல் ஒருவர் நிலையை வெளியிடுவதைத் தடுக்கும் சட்டமும் அதே ஆண்டு வந்தது. ஆஷுக்குக் கிடைக்காத இரண்டும் நமக்கு இருக்கு.

நண்பர்களே, ஒரே வேண்டுகோள். ரத்தம் அவசியம் கொடுங்க. ஆனா சந்தேகம் இருந்தா, சோதிச்சுப் பார்க்கும் சாக்கில் முகாமுக்குப் போகாதீங்க. முதல் சில நாட்களின் தொற்று எந்தச் சோதனைக்கும் தப்பிடலாம். நேரே நம்பிக்கை மையத்துக்குப் போங்க. நாம கொடுக்கும் ரத்தத்துக்கு முதல் இன்ஸ்பெக்டர் நாமதான்!