சிந்தனைச் சிற்பியும் இருப்புப்பாதைத் தொழிலாளரும்

மதுரைச் சந்திப்பிலிருந்து இருப்புப்பாதைகள் பல திசைகளில் பிரிந்து செல்கின்றன. ஒன்று வடக்கே திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி வழியாகச் சென்னையை நோக்கிச் செல்கிறது. மற்றொன்று தெற்கே திருமங்கலம், விருதுநகர் வழியாகத் தூத்துக்குடிக்கும், வேறொன்று கிழக்கே மானாமதுரை வழியாக இராமேசுவரத்திற்கும் செல்கின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பாதைகள் தென்னிந்திய இரயில்வே நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. வைகைச் சமவெளியின் விளைபொருள்களையும் மதுரை ஆலைகளின் நூலையும் இவ்வழியே தொடர்வண்டிகள் சுமந்து சென்றன. அவ்வண்டிகளை இயக்கியோரும் செப்பனிட்டோரும் 1928ஆம் ஆண்டில் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது அவர்களுக்குத் துணையாக நின்றவர் 68 வயது முதியவரான ம. சிங்காரவேலர்.

பிறப்பும் கல்வியும்

சிங்காரவேலர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் மீனவர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர்ச் சட்டம் கற்று வழக்குரைஞரானார். அறிவியல், மெய்யியல், பொருளியல் எனப் பல துறை நூல்களை வாங்கிச் சேர்த்தார். அவரது இல்லத்து நூலகம் சென்னையின் சிறந்த தனியார் நூலகங்களுள் ஒன்றாக விளங்கியது. வசதியாக வாழப் போதுமான வருவாய் இருந்தும், கடற்கரைக் குப்பங்களிலும் ஆலைப் பகுதிகளிலும் வாழ்ந்தோரின் வறுமை அவர் உள்ளத்தை வருத்தியது. 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது வழக்குரைஞர் தொழிலைத் துறந்தார்.

தொழிலாளர் பக்கம்

அக்காலத்தில் தொழிற்சங்கங்கள் அரும்பிக்கொண்டிருந்தன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. மதுரையிலும் ஆலைத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டனர். அதனை அமைப்பதில் வழக்குரைஞர் ஜார்ஜ் ஜோசப் முன்னின்றார். எனினும், சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. சென்னையில் பின்னி ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தது; உயர்நீதிமன்றம் தலைவர்களுக்குத் தடையாணை பிறப்பித்தது. தொழிலாளர் காசு காசாகச் சேர்த்த பொருளை ஒரே வழக்கில் இழக்க நேரிடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இச்சூழலில்தான் சிங்காரவேலர் தொழிலாளர் இயக்கத்தில் முழுமையாக ஈடுபட்டார். 1923ஆம் ஆண்டு மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாள் விழாவை நடத்தினார். தொழிலாளர், உழவர் ஆகிய இரு பிரிவினருக்கும் உரிய கட்சி ஒன்றை அன்றே தொடங்கினார். 1925இல் கான்பூரில் நடைபெற்ற பொதுவுடைமையாளர் மாநாட்டிற்குத் தலைமை ஏற்றார்.

சங்கத்தின் கருவூலம்

வேலைநிறுத்தம் தொடங்கும் நாளில் தொழிலாளியின் ஊதியம் நின்றுவிடும். அடுப்பு எரிய வேண்டிய தேவை நிற்பதில்லை. மளிகைக் கடைக்காரர் சில நாள்கள் கடன் தருவார். வீட்டு உரிமையாளர் ஒரு மாதம் பொறுப்பார். நிறுவனம் தந்த குடியிருப்பில் வாழ்வோருக்கு வீடும் பறிபோகலாம் என்ற அச்சம் உண்டு. ஆகவே வேலைநிறுத்தத்தின் வலிமை, முழக்கத்தில் மட்டுமன்றிச் சங்கத்தின் கருவூலத்திலும் அடங்கியுள்ளது.

உறுப்பினர் தரும் சிறு சந்தாவே அக்கருவூலத்தின் ஊற்று. போராட்டக் காலத்தில் வேலையில் இருக்கும் பிற சங்கத்தார் தரும் நன்கொடையும், வணிகரும் உழவரும் அளிக்கும் பணமும் தானியமும் அதனுடன் சேரும். 1926இல் இயற்றப்பட்ட இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1927இல் நடைமுறைக்கு வந்தது. பதிவுபெற்ற சங்கம் தன் பொது நிதியை எவற்றிற்குச் செலவிடலாம் என்பதை அது வரையறுத்தது. தொழில் தகராறை நடத்துதல், அதனால் உறுப்பினருக்கு நேரும் இழப்பை ஈடுசெய்தல், வழக்குச் செலவு, நோய், விபத்து, முதுமை, வேலையின்மை ஆகியவற்றிற்கான உதவி என்பன அவற்றுள் அடங்கும். ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளருக்கு அனுப்பும் கடமையையும் சட்டம் விதித்தது. பசித்தவன் தந்த காசுக்குக் கணக்கு நேர்மையாக இருத்தல் வேண்டுமன்றோ?

1928ஆம் ஆண்டுப் போராட்டம்

நாகப்பட்டினம், போத்தனூர் முதலிய இடங்களில் இருந்த பணிமனைகளைத் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் ஒன்றாக்க நிறுவனம் திட்டமிட்டது. அதனையொட்டி 3,100க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்க முனைந்தது. பணிமனைகளில் எழுந்த எதிர்ப்பு, ஜூலை மாதத்தில் நிறுவனத்தின் பாதைகள் எங்கும் வேலைநிறுத்தமாகப் பரவியது. சிங்காரவேலரும் வங்கத்தைச் சேர்ந்த முகுந்தலால் சர்க்காரும் தொழிலாளருக்கு வழிகாட்டினர். வேலையில் நீடிப்போரும் நீக்கப்பட இருந்தோருக்காகத் தம் ஊதியத்தை இழக்கத் துணிந்தனர் என்பதே இப்போராட்டத்தின் சிறப்பாகும்.

அரசு கடும் அடக்குமுறையைக் கையாண்டது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். வழிநடத்துவோர் சிறையில் இருக்க, வருவாயற்ற குடும்பங்கள் தவிக்க, சில வாரங்களில் போராட்டம் முறிந்தது. பலர் வேலை இழந்தனர், சங்கமும் சிதைந்தது.

அதே ஆண்டில் பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் ஏறத்தாழ ஆறு மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு வெளிநாட்டுத் தொழிற்சங்கங்களிலிருந்தும் பணவுதவி வந்தது. இரு போராட்டங்களின் சூழல்களும் வேறுபட்டவை. ஆயினும் உறுதி படைத்த நெஞ்சத்திற்கும் உணவு வேண்டும் என்னும் உண்மை இரண்டிற்கும் பொதுவானது.

சிறையும் பின்னாளும்

வழக்கின் முடிவில் சிங்காரவேலருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எழுபதை நெருங்கிய ஒருவருக்கு அது வாழ்நாள் தண்டனைக்கு ஒப்பானது. மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட, 1930இல் விடுதலை பெற்றார். உடல் தளர்ந்தபோதும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. அறிவியலையும் பகுத்தறிவையும் எளிய தமிழில் விளக்கிக் கட்டுரைகள் எழுதினார். 1946ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் மறைந்தார். அதே ஆண்டில் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

1928இல் அவர் தோல்வியையே கண்டார். எனினும் சிதைந்த சங்கம் மீண்டும் எழுந்தது. மாதச் சந்தா மீண்டும் திரட்டப்பட்டது. ஒருவர் துன்பத்தைப் பலரும் பகிர்ந்து தாங்குவதற்குத் தொழிலாளர் கண்ட வழி அச்சந்தா. செல்வமும் தொழிலும் பெற்றிருந்த சிங்காரவேலரோ, அவற்றைத் துறந்து தம் முதுமையையே அவர்களுக்கு வழங்கினார்.