அறிஞர் சித்திலெப்பை: மார்க்கத்தையும் உலகத்தையும் ஒருங்கே கற்பித்த பெருந்தகை



நம் ஊர்ப் பிள்ளைகளின் கல்வி இன்று விழுப்புரத்தோடும் திண்டிவனத்தோடும் நின்றுவிடுவதில்லை. சென்னையில் பயின்று, துபையிலோ சிங்கப்பூரிலோ பணிபுரிந்து, பல நாட்டவரோடும் பல மதத்தவரோடும் கலந்து வாழ வேண்டிய உலகமயக் காலம் இது. அவ்வாறு செல்லும் பிள்ளை மார்க்கத்தையும் தாய்மொழியையும் மறந்துவிடுமோ என்னும் கவலை பெற்றோர் உள்ளங்களில் இருக்கிறது. இதே கவலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் பேசும் இலங்கை முஸ்லிம்களையும் பற்றியிருந்தது. அதற்கு மருந்து கண்டவர் அறிஞர் முகம்மது காசிம் சித்திலெப்பை அவர்கள்.

சித்திலெப்பை அவர்கள் 1838ஆம் ஆண்டு மலைநகரமாகிய கண்டியில் பிறந்தார்கள். தந்தையார் வழக்கறிஞர். இளமையிலேயே அரபு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் தேர்ச்சி பெற்ற சித்திலெப்பை அவர்கள், 1862ஆம் ஆண்டு தாமும் வழக்கறிஞரானார்கள். கண்டி நகர சபையில் இடம்பெற்றார்கள்; நீதிபதிப் பொறுப்பும் வகித்தார்கள். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த வாழ்வு அவர்களுக்கு வாய்த்திருந்தது. ஆயினும் தம் சமுதாயத்தின் நிலை அவர்களை அமைதியாக இருக்க விடவில்லை.

அந்நாளில் இலங்கையில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிகள் வசம் இருந்தது. அங்கே பிள்ளைகளை அனுப்பினால் ஈமான் பறிபோகும் என்று முஸ்லிம்கள் அஞ்சினர். அவ்வச்சத்தை முற்றிலும் காரணமற்றது என்று தள்ளிவிட இயலாது. ஆனால், அதன் விளைவு கொடியதாயிற்று. பிற சமுதாயத்தினர் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் அரசு அலுவலர்களாகவும் உயர்ந்தபோது, முஸ்லிம்கள் வாணிபத்தோடு ஒதுங்கி நின்றனர். ஓதக் கற்ற பிள்ளைக்கு உலகக் கல்வி எட்டாமலே போயிற்று.

இந்நிலையை மாற்ற அவர்கள் முதலில் கையாண்ட கருவி பத்திரிகை. 1882ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார்கள். எகிப்து, துருக்கி முதலிய நாடுகளின் செய்திகளைத் தமிழில் தந்து, உலகம் எவ்வளவு விரிந்தது என்பதை வாசகர்களுக்கு உணர்த்தினார்கள். கல்வியின் தேவையை ஓயாது வற்புறுத்தினார்கள். கடல் கடந்தும் அதற்கு வாசகர்கள் இருந்தனர்.

அடுத்த மாதமே உலக வரலாறு இலங்கைக் கரையில் வந்து இறங்கியது. எகிப்தில் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடித் தோல்வியுற்ற உராபி பாஷாவும் அவருடைய தோழர்கள் அறுவரும் ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் கொழும்பு வந்தனர். புகழ்பெற்ற அரபுக் கவிஞர் மஹ்மூத் ஸாமி அல்பாரூதியும் அவர்களுள் ஒருவர். அரசியல் கைதிகளாக வந்த அவர்களைச் சித்திலெப்பை அவர்கள் அன்போடு அணுகினார்கள். உராபி பாஷாவின் நட்பைச் சமுதாயக் கல்விப் பணிக்குத் துணையாக்கிக் கொண்டார்கள்.

1885ஆம் ஆண்டு அவர்கள் எழுதி வெளியிட்ட 'அசன்பே சரித்திரம்' தமிழின் தொடக்ககால நாவல்களுள் ஒன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்த ஆறாண்டுகளில் தோன்றிய நூல் அது. எகிப்தில் பிறந்த ஒருவனுடைய கதையைக் கண்டியில் பிறந்த ஒருவர் தமிழில் எழுதினார் என்பது அன்று புதுமையே.

எழுத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1884ஆம் ஆண்டு கொழும்பில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கினார்கள். மார்க்கக் கல்வியையும் ஆங்கிலம் முதலிய உலகக் கல்வியையும் ஒரே கூரையின்கீழ் தருவது நோக்கம். பிறர் பள்ளியில் ஈமான் போகும் என்று அஞ்சுவோர்க்கு, நமக்கென ஒரு பள்ளி கண்டு காட்டுவதே அவர்கள் அளித்த மறுமொழி. ஆனால், போதிய ஆதரவின்றி அப்பள்ளி நிலைக்காமல் போயிற்று.

அவர்கள் மனம் தளரவில்லை. மேலும் எட்டாண்டுகள் பாடுபட்டார்கள். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் அவர்கள் இம்முயற்சிக்குத் தோள் கொடுத்தார்கள். 1892 ஆகஸ்டு 22 அன்று மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில், உராபி பாஷாவின் முன்னிலையில் மீண்டும் ஒரு மதரஸா திறக்கப்பட்டது. அதுவே பின்னாளில் புகழ்பெற்ற ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

பெண் கல்வியையும் அவர்கள் மறக்கவில்லை. கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி நிறுவி, தம் சகோதரியையே அங்குக் கற்பிக்கச் செய்தார்கள். ஊருக்கு உபதேசித்ததைத் தம் குடும்பத்திலிருந்தே தொடங்கிய பண்பு இது.

1898ஆம் ஆண்டு, அறுபது வயது நிறையுமுன் அவர்கள் வஃபாத்தானார்கள். இலங்கை அரசு 1977ஆம் ஆண்டு அவர்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

அவர்கள் வாழ்வு நமக்குச் சொல்லும் செய்தி தெளிவானது. அரபு கற்றதால் ஆங்கிலம் அவர்களுக்கு அந்நியமாகிவிடவில்லை. ஆங்கிலம் கற்றதால் தமிழ் குறைந்துவிடவில்லை. தீனில் உறுதியாக நின்றதால்தான் பிற நாட்டவரையும் பிற சமயத்தவரையும் அச்சமின்றி அவர்களால் சந்திக்க முடிந்தது. வேரூன்றிய மரமே கிளை பரப்பும்.

நமக்கு இன்று வாய்ப்புகள் அருகிலேயே உள்ளன. அரசு மருத்துவக் கல்லூரி நம் ஊரை அடுத்த முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. மாலை மக்தபுக்கு வரும் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்தில் முதன்மையாகத் திகழவும், பள்ளியில் முதன்மை பெறும் பிள்ளை மக்தபை விட்டு விலகாதிருக்கவும் பெற்றோரும் ஜமாஅத்தும் கைகோத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்போடு பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்தும் முன் ஒவ்வொரு தந்தையும் கண்டியில் அன்று திறந்த அப்பள்ளியை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். வசதி படைத்தோர் ஒரு மாணவரின் கல்விச் செலவையேனும் ஏற்க முன்வர வேண்டும். ஒரு முயற்சி தோற்றால் அடுத்ததைத் தொடங்கும் பொறுமையும் நமக்கு வேண்டும்.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் சித்திலெப்பை அவர்களின் நற்பணிகளை ஏற்று, மறுமையில் உயர் பதவி வழங்குவானாக! நம் மக்களை ஈருலகக் கல்வியிலும் சிறந்தவர்களாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.